மே மாதத் தயிர்சாதமும் நாற்பதாம் பக்கத்து விக்கெட்டும்

பள்ளிக் கூத்துகளை எழுதுகிறவர்கள் யார் மாட்டினார்கள், என்ன தண்டனை கிடைத்தது என்பதோடு நிறுத்திவிடுவார்கள். எதனால் மாட்டினார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பெரும்பாலான குறும்புகள் கெட்டுப்போவதற்கான காரணம் அதே பிள்ளையின் பையில் இருக்கும் பாடப் புத்தகத்தில் அச்சாகியிருக்கும். அந்தப் பக்கத்தை மட்டும் படித்திருக்க மாட்டான்.

இங்கே பேசப்போவது தில்லியில் ஒரு பத்தாம் வகுப்பு வருடம். ஆர்.கே.புரம், கரோல் பாக், ஜனக்புரி, மயூர் விகார் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளின் வருடம். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்துக்கு இந்த ஊரில் 7 பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் படிப்பவர்களும் உண்டு, வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் இந்தியோடு படிப்பவர்களும் உண்டு. கூத்தில் இரண்டு தரப்புக்கும் வித்தியாசம் கிடையாது. இது குறிப்பிட்ட எந்தப் பள்ளியின் கதையும் இல்லை. எல்லா வகுப்பிலும் நடந்துகொண்டிருப்பதுதான்.

ஏப்ரலில் புது நோட்டு வருகிறது. பழுப்புத் தாள் அட்டை, பெயர்ச் சீட்டு, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, எல்லாம் ஒழுங்காக ஆகும். ஒரு வாரத்துக்குள் தாள் கிழிக்கும் தேவை வந்துவிடும். சீட்டு அனுப்ப, ஸ்கோர் எழுத, ராக்கெட் விட, எல்லாவற்றுக்கும் தாள் வேண்டும். இங்கே நடக்கும் முதல் பிழை, கைக்கு வந்த பக்கத்தைக் கிழிப்பது. நடுவில் பின் அடித்த நோட்டில் ஒவ்வொரு தாளும் நடுவில் மடிந்த ஒரே முழுத் தாள். இந்தப் பக்கம் ஓர் இதழ், அந்தப் பக்கம் அதன் இரட்டைப் பிறவி. முன்பாதியில் ஒன்றைக் கிழித்தால் பின்பாதியில் அதன் ஜோடி பிடிமானம் இல்லாமல் நிற்கும். நாலைந்து நாள் கழித்து, அறிவியல் ஆசிரியை நோட்டைத் திருத்தக் கையில் எடுக்கும்போது, அது தானாக அவர் மடியில் விழும். அதில் வீட்டுப்பாடமும் எழுதியிருக்கும். விவரம் தெரிந்தவர்கள் நடுப்பக்கத்தைத் திறந்து, பின்னின் இரண்டு காலையும் அளவுகோல் முனையால் நிமிர்த்தி, முழுத் தாளாக உருவிவிட்டு, காலை மறுபடி மடக்கிவிடுவார்கள். ஒரு நோட்டிலிருந்து இப்படி நாலு தாள் வரை எடுக்கலாம். அதற்கு மேல் எடுத்தால் பின் ஆட ஆரம்பிக்கும், நோட்டும் இளைத்தது தெரியும்.

மே வந்தால் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மின்விசிறிதான் வகுப்பின் உயிர், ஆகவே விளையாட்டும் அதன் மேல்தான். ஆசிரியர் வந்து விசிறியைப் போட்டதும் பறக்கட்டும் என்று இறக்கையின் மேல் சாக்பீஸ் துண்டுகளை வைத்துவிட்டுக் காத்திருப்பது பழைய தந்திரம். எதிர்பார்ப்பு, துண்டு ஆசிரியர் மேசை வரை பறக்கும் என்பது. அப்படிப் பறந்ததே இல்லை. ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாதாரண விசிறிக்குக் குறுக்களவு 1200 மில்லிமீட்டர்; இறக்கை நுனி நடுவிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. சாக்பீசுக்கும் இறக்கைக்கும் உராய்வுக் கெழு 0.4 என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 25 சுற்றை எட்டுவதற்குள் நுனியிலிருக்கும் துண்டு வழுக்கிவிடும். அதாவது விசிறி இன்னும் சோம்பல் முறித்துக்கொண்டிருக்கும்போதே. அந்த நேரத்தில் நுனியின் வேகம் நொடிக்கு ஒன்றரை மீட்டர்தான். கீழே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் தலை மட்டத்துக்கு வருவதற்குள் துண்டு முக்கால் மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் தூரம்தான் போயிருக்கும். விசிறிக்கு நேர் கீழே இருப்பது நடு வரிசை. வைத்தவன் உட்கார்ந்திருப்பதும் அங்கேதான், ஏனென்றால் அவன் ஏறியது தன் மேசை மேல். எய்தவன் தலையிலேயே அம்பு விழுகிறது. (மேசை மேல் நாற்காலி போட்டு ஏறுவது கால் எலும்பை முறிக்கிற வேலை. சாக்பீஸ் விழுவதைவிட ஆள் விழுவது வேகமாக நடக்கும். இது சிரிப்பில் சேர்த்தி இல்லை.)

வெயிலோடு சேர்த்தே சொல்ல வேண்டியது தயிர்சாதம். தமிழ்ப் பிள்ளையின் டப்பாவைப் பற்றி வகுப்பில் ஆயிரம் கிண்டல் உண்டு. ஆனால் மே மாதம் இடைவேளை மணி அடித்ததும் பராத்தாக்காரர்கள் ஸ்பூனோடு நகர்ந்து வருவது இந்த டப்பாவை நோக்கித்தான். அதைச் சரியாகக் கலக்குவது ஒரு கலை. தயிரைச் சாதத்தில் பிசைந்து அனுப்புகிற வீட்டுப் பிள்ளை 11 மணிக்குப் புளித்த கஞ்சி சாப்பிடும். சாதத்தைப் பாலில் பிசைந்து, பாலை டப்பாவுக்குள்ளேயே தயிராக விடுவதுதான் முறை. குழைய மசித்த சாதம் ஒரு கிண்ணம், காய்ச்சி ஆறவைத்த பால் ஒரு கிண்ணம், உப்பு, அதோடு அரை டீஸ்பூன் தயிர். காலை 6:30-க்குக் கலந்தால், பை கிடக்கிற சூட்டில் 11 மணிக்குப் பதமாக உறைந்திருக்கும். பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்களுக்கு 40 டிகிரி சுற்றுவட்டாரம்தான் பிடிக்கும். தில்லியின் மே அதை இலவசமாகக் கொடுக்கிறது. அதே அரை டீஸ்பூன் கணக்கை ஜனவரியில் போட்டால் பிள்ளை சாப்பிடுவது உப்புப் போட்ட பால்சாதம். அப்போது 2 மேசைக்கரண்டி தயிர், வெதுவெதுப்பான பால், டப்பாவைச் சுற்றி ஒரு துண்டு, இத்தனையும் வேண்டும். அப்படியும் பாதி நாள் உறையாது. மாதுளை முத்தைப் போட்டு மறைத்துவிடலாம்.

இன்னொரு விபத்து மூடி. ஆவி பறக்கிற எலுமிச்சைச் சாதத்தை எவர்சில்வர் டப்பாவில் அழுத்தி மூடி அனுப்பினால், உள்ளே ஆவி குளிர்ந்து நீராகி, அழுத்தம் குறைந்து, மூடி உள்ளே இழுத்துக்கொள்ளும். நாலு பேர் சேர்ந்து இழுத்தாலும் வராது. காம்பஸ் முனையை இடுக்கில் விட்டு நெம்புவார்கள். ஒரேயடியாகத் திறந்துகொண்டு வேர்க்கடலையும் மஞ்சள் சோறும் வரைபடத் தாள் மேல் இறங்கும். டப்பாவைப் பத்து நிமிடம் ஜன்னல் வெயிலில் வைத்தால் உள்ளே காற்று சூடாகித் தானாக இளகும். பத்து நிமிடம் பொறுக்கிற பிள்ளை பத்தாம் வகுப்பில் கிடையாது என்பதுதான் சிக்கல்.

மூன்றாம் பீரியடிலேயே டப்பாவைக் காலி செய்யும் கூட்டத்துக்கு வேறு கணக்கு. அவர்கள் பார்ப்பது ருசி அல்ல, சத்தமும் வாசனையும். முறுக்கு கூடவே கூடாது. எலுமிச்சைச் சாதத்தின் கடுகு, பெருங்காயத் தாளிப்பு கரும்பலகை வரை போகும். ஊறுகாயோடு வரும் ஆலு பராத்தா திறந்த மாத்திரத்தில் வரிசைக்கே தகவல் சொல்லிவிடும். இந்த வேலைக்குப் பிறந்த பண்டம் மிளகாய்ப்பொடி இட்லி. இரண்டு பக்கமும் நல்லெண்ணெய் தடவிய இட்லி காய்ந்துபோகாது, உதிராது, சத்தமில்லாமல் நாலு கடியில் முடியும். பொடி எண்ணெயில் ஊறியிருப்பதால் இருமலும் வராது. எண்ணெய் தடவாத பொடி இட்லிதான் ஆபத்து. தொண்டையில் பொடி ஏறினால் அடக்கவே முடியாத இருமல். மூடியைக் கைக்குட்டை வைத்துத் திறக்க வேண்டும் என்பதும் பலருக்குத் தெரியாது. எவர்சில்வர் மூடி மொசைக் தரையில் விழுந்து, சுழன்று சுழன்று, வேகம் கூடி, கடைசியில் படாரென்று அடங்குவதற்குள் ஆசிரியர் மூன்று வரிசை தாண்டி வந்துவிடுவார்.

மழைக்காலம். மைதானம் சேறு, விளையாட்டுப் பீரியட் வகுப்புக்குள்ளேயே. இப்போதுதான் புக் கிரிக்கெட் சூடு பிடிக்கும். ஆட்டம் தெரியாதவர்களுக்கு: புத்தகத்தைக் கண்ணை மூடித் திற, இடப்பக்கத்து எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார். இடப்பக்கம் எப்போதும் இரட்டை எண்தான், ஆகவே 0, 2, 4, 6, 8 இந்த ஐந்தில் ஒன்று. 0 என்றால் அவுட்; 40-ஆம் பக்கம் விழுந்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். 2, 4, 6 அப்படியே ஓட்டம். சண்டையெல்லாம் 8-இல். சிலர் அதை ஓர் ஓட்டம் என்பார்கள், சிலர் செல்லாது என்பார்கள், சிலர் கூச்சமில்லாமல் 8 ஓட்டமே எழுதிக்கொள்வார்கள்.

இதை டாஸுக்கு முன்பே பேசித் தீர்க்காவிட்டால் ஆட்டம் கைகலப்பில் முடியும். காரணம் கணக்கிலேயே இருக்கிறது. அவுட் ஆக ஐந்தில் ஒரு வாய்ப்பு. ஆக ஒரு விக்கெட் விழுவதற்குள் சராசரியாக 4 தடவை அவுட் இல்லாத பக்கம் வரும். 8-ஐச் செல்லாது என்றால் விக்கெட்டுக்கு 12 ஓட்டம், 10 விக்கெட்டுக்கு 120. ஓர் ஓட்டம் என்றால் விக்கெட்டுக்கு 13, மொத்தம் 130. எட்டை எட்டாகவே கொடுத்தால் விக்கெட்டுக்கு 20, மொத்தம் 200. ஒரே ஒரு விதியில் 80 ஓட்டம் வித்தியாசம். முதல் அணி ஒரு விதியிலும் இரண்டாவது அணி இன்னொரு விதியிலும் ஆடிவிட்டால் என்ன ஆகும்! நிகழ்தகவுதான் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் கடைசி அத்தியாயம். அது வருவதற்கு முன்பே வகுப்பில் பாதிப் பேர் அதைக் கைப்பழக்கமாகக் கற்றிருப்பார்கள். கேள்வித்தாளில் மட்டும் பகடையையும் சீட்டுக்கட்டையும் பற்றிக் கேட்டுக் கெடுத்துவிடுகிறார்கள்.

ஏமாற்றுவதில் இரண்டு பள்ளிகள். ஒன்று முதுகெலும்புப் பள்ளி: பல தடவை திறந்து அழுத்திய பக்கத்தில் புத்தகம் தானாக விரியும். 116-ஆம் பக்கத்தை ராத்திரி உட்கார்ந்து பத்துத் தடவை மடக்கி அமுக்கிவிட்டு வருபவன் மறுநாள் சிக்ஸராக அடிப்பான். இன்னொன்று நக நுனிப் பள்ளி: 6-இல் முடியும் பக்கங்களின் மேல் மூலையை லேசாக மடித்து வைத்துக் கட்டைவிரலால் தேடுவது. இரண்டுக்கும் ஒரே மருந்து, எதிரணிதான் புத்தகம் தர வேண்டும். அதுவும் ஓவருக்கு ஓவர் புத்தகம் மாற வேண்டும். புத்தம் புதிய புத்தகமும் உதவாது. பசை இறுகியிருப்பதால் நடுப்பக்கங்களிலேயே திரும்பத் திரும்பத் திறக்கும். ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் சமூக அறிவியல் புத்தகம் சரியான பதத்தில் இருக்கும், ஏனென்றால் அதை யாரும் வேறு எதற்கும் திறந்திருக்க மாட்டார்கள், பையில் கிடந்தே இளகியிருக்கும். முன்னுரையில் ரோமன் எண் வந்தால் டெட் பால். பக்க எண் அச்சாகாத படப் பக்கம் வந்தால் வலப்பக்க எண்ணிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும். பக்கத்தின் அடியில் அச்சாகியிருக்கும் ஆண்டு எண்ணைக் காட்டி ஓட்டம் கேட்பவனை அணியிலிருந்தே நீக்கலாம்.

தசரா விடுமுறைக்குப் பின் வகுப்பின் கவனம் ஃப்ளேம்ஸுக்குத் திரும்பும். இரண்டு பெயரையும் ஆங்கிலத்தில் எழுதி, பொது எழுத்துகளை அடித்து, மிச்சத்தை எண்ணி, அந்த எண்ணால் எஃப் (நட்பு), எல் (காதல்), ஏ (பாசம்), எம் (கல்யாணம்), இ (பகை), எஸ் (அண்ணன் தங்கை) என்ற ஆறையும் சுற்றி ஒவ்வொன்றாகக் கழிப்பது; கடைசியில் நிற்பதுதான் இரண்டு பேருக்கும் உள்ள உறவு. விதி சொல்கிற ஜோதிடம் என்று நினைக்கிறார்கள். பெயருக்கும் முடிவுக்கும் நடுவில் இருப்பது மிச்ச எண் ஒன்றுதான், ஆகவே விடையை முன்கூட்டியே அட்டவணை போட்டுவிடலாம். மிச்சம் 1 என்றால் அண்ணன் தங்கை. 3-உம் 5-உம் நட்பு. 6 கல்யாணம். 8 பாசம். 2, 4, 7, 9 நாலுமே பகை. காதல் 10-இல்தான் வருகிறது. 1 முதல் 10 வரை நாலு பகைக்கு ஒரு காதல். மனமுடைந்து உட்கார்ந்திருப்பவர்கள் ஏன் அவ்வளவு பேர் என்பது இப்போது புரிந்திருக்கும்.

தில்லித் தமிழர்களுக்கு மட்டும் இதில் ஒரு சலுகை உண்டு. ஊர்க்கணக்கில் நமக்கு இனிஷியல். இங்கே படிவம் நிரப்பும்போது குடும்பப் பெயர் கேட்பார்கள், அப்பா பெயர் முழுசாகப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஒரே பிள்ளைக்கு மூன்று பெயர்: வெறும் பெயர், இனிஷியலோடு, அப்பாவோடு. 9 வந்து பகை என்றானவன் ஓர் இனிஷியலைச் சேர்த்தால் 10, காதல். அந்த எழுத்து எதிர்ப் பெயரில் அடிபடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அப்பா பெயரைச் சேர்க்கும்போது மட்டும் ஜாக்கிரதை. எண்ணிக்கை எங்கேயோ போய்விடும், அதோடு கல்யாணத்தில் அப்பாவும் வந்து நிற்பார்.

இனித் தமிழ்ப் பீரியட். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, வகுப்பில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளைக்கு ல, ள, ழ மூன்றும் காதில் ஒன்றுதான். இந்தியில் ழவும் இல்லை, ளவும் இல்லை. அதனால் விடுப்பு விண்ணப்பம் எழுதச் சொன்னால் ‘வயிற்று வலி’ மூன்று விதமாக வரும். வலி என்றால் நோவு. வழி என்று எழுதினால் வயிற்றின் வழியாக எங்கேயோ போனதாக ஆகிறது. வளி என்றால் காற்று. வயிற்று வளி காரணமாக விடுப்பு வேண்டும் என்பது பல சமயம் உள்ளதைச் சொன்னதாகவே இருக்கும். ஜனவரியில் ‘பனியின் காரணமாக வர இயலவில்லை’ என்பது ‘பணியின் காரணமாக’ என்று வந்து, பதினைந்து வயதுப் பிள்ளை வேலைக்குப் போவதாகத் தகவல் தரும். அக்காவின் திருமணம் திருமனம் ஆகும். தினமும் காலையில் பள்ளிக்குப் போவதற்குப் பதில் பல்லிக்குப் போவார்கள்.

திருத்துவதற்கு மொத்தமாகச் சொல்லிப் பயனில்லை. நாக்கு எங்கே தொடுகிறது என்று காட்ட வேண்டும். ல-வுக்குப் பல்லின் அடியை ஒட்டி. ள-வுக்கு நாக்கு நுனி மடிந்து மேலண்ணத்தைத் தொட வேண்டும். ழ-வுக்கு அதே மடிப்பு, ஆனால் தொடக் கூடாது. கண்ணாடி முன்னால் ‘வலி, வளி, வழி’ என்று இருபது தடவை சொன்னால் நாக்கு பிடித்துக்கொள்ளும்; பிறகு கை தானாக வரும்.

மனப்பாடச் செய்யுளைத் தமிழ் எழுத்தில் படிக்க அலுத்து, கீழே இந்தி எழுத்தில் எழுதி வைத்துக்கொள்பவர்களும் உண்டு. இந்தி வாசிக்கும் பழக்கம் நடுவில் இருக்கும் அகரத்தை விழுங்கிவிடும். ‘நகரம்’ நக்ரம் ஆகும், ‘பதவி’ பத்வி ஆகும், ‘கவனம்’ கவ்னம் ஆகும். பாட்டில் ஓசை குறைந்து, சீர் முறிந்து, ஒப்பிக்கும் பிள்ளை ஏதோ பஞ்சாபித் தாளத்தில் தலையாட்டிக்கொண்டிருக்கும். சொல் கலப்பு தனி வேடிக்கை. ‘நாளைக்குச் சுட்டி’ என்றால் இங்கே விடுமுறை. மதுரையிலிருந்து வந்த பெரியப்பா, “யார்டா அந்தச் சுட்டி?” என்று கேட்பார்.

குளிர்காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அப்போது யாரும் அசைவதில்லை. பேனாவைச் சுண்டி எதிராளி பேனாவை மேசையிலிருந்து தள்ளும் பேனாச் சண்டை நின்றுவிடும். விறைத்த விரலால் சுண்டினால் வலி உயிர் போகும். ஸ்வெட்டர் பையில் வேர்க்கடலை வரும். கடலையை மென்றுவிடலாம், தோல்தான் காட்டிக்கொடுக்கும்: அந்தச் சிவப்புச் சருகு நீலக் கம்பளியில் ஒட்டினால் தட்டினாலும் போகாது. வீட்டிலேயே உரித்து, தேய்த்து, ஊதி எடுத்துக்கொண்டு வருகிறவன் முன்யோசனைக்காரன். முன்மாதிரித் தேர்வுக்குப் பிறகு மலை மந்திர் முருகன் கோயில் விபூதிப் பொட்டலம் ஜாமெட்ரி பாக்ஸுக்குள் குடியேறும். பொட்டலம் பிரிந்தால் கோணமானியில் எண்ணே தெரியாது. பிளாஸ்டிக் உறையில் போட்டு வைப்பது நல்லது.

பொதுத்தேர்வு பிப்ரவரி நடுவில் தொடங்குகிறது. 10:15-க்குக் கேள்வித்தாள், 10:30 வரை வாசிப்பதற்கு மட்டும். அந்தப் பதினைந்து நிமிடம்தான் வருடத்திலேயே வகுப்பு மொத்தமும் வாய் திறக்காமல் வாசித்த நேரம். கடைசிப் பரீட்சை முடிந்ததும் வெளியில் நண்பர்கள் ஒருவர் சட்டையில் ஒருவர் எழுதும் சடங்கு. இதை முன்கூட்டிச் செய்துவிடக் கூடாது. தேர்வுக்குப் பள்ளிச் சீருடையில்தான் வர வேண்டும். அவசரப்பட்டவர்கள் அண்ணன் சட்டையைக் கடன் வாங்கிக்கொண்டு, தோள் முழங்கை வரை இறங்க, தேர்வு எழுதியிருக்கிறார்கள்.

எழுதுவதற்கும் பக்குவம் உண்டு. உடம்பின் மேல் துணி ஆடும், பேனா வழுக்கும், மூன்றாவது எழுத்தில் நூலில் சிக்கும். கையிலேயே இருக்கும் பரீட்சை அட்டையைச் சட்டைக்குள் முதுகுப் பக்கம் செருகிவிட்டால் மேசை தயார். மார்க்கர் மையும் பனியனுக்கு இறங்காது. ஸ்கெட்ச் பேனா வேண்டவே வேண்டாம், அதன் மை தண்ணீரில் கரைவது. ராத்திரி அம்மா சட்டையைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டதும் அந்த நண்பர்கள் முதல் வாளியிலேயே கிளம்பிவிடுவார்கள், மற்றவர்கள் மேல் இளநீலமாகப் பரவிவிட்டும் போவார்கள். பால்பாயிண்ட் மையில் எண்ணெய் கலந்திருப்பதால் சில சலவைக்கு நிற்கும். பெர்மனென்ட் மார்க்கரில் எழுதியவர்கள்தான் சட்டை ஸ்கூட்டர் துடைக்கிற துணியாகிய பிறகும் கையெழுத்தும் எழுத்துப் பிழையுமாக அப்படியே இருப்பார்கள்.